பன்றி முடியும் பெரியாற்றுத் தண்ணீரும்

அப்பாவின் ஷேவிங் பிரஷ் குளியலறைப் பக்கம் போனதே இல்லை. லோயர் கேம்ப் மின்வாரியக் குடியிருப்பில் எங்கள் வீட்டுப் பின்கட்டு ஜன்னலில், செம்புக் கம்பியை வளைத்து அவரே செய்த கொக்கியில், தலைகீழாகத் தொங்கும். ஜன்னலுக்கு நேரே மலை. மலையிலிருந்து பவர் ஹவுஸுக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள். தேக்கடித் தண்ணீர் அந்தக் குழாய்களுக்குள் விழுந்து, டர்பைனைச் சுற்றிவிட்டு, எங்கள் ஊரில் ஆறாக வெளியே வரும். அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம், குளித்தோம். அப்பா அதில்தான் சவரம் செய்தார்.

1958-ல் ஓடத் தொடங்கிய பெரியாறு நீர்மின் நிலையத்தில் சில வருஷம் கழித்து ஃபிட்டராகச் சேர்ந்தவர் அவர். காலை ஷிப்டு என்றால் இருட்டிலேயே எழுந்துவிடுவார். முதல் வேலை, பிரஷ்ஷைக் கொக்கியிலிருந்து எடுத்து அலுமினிய டம்ளரில் முடி மட்டும் முங்குகிற அளவு தண்ணீர் ஊற்றி ஊறவைப்பது. பிடி நனையக் கூடாது. அப்புறம் படியில் உட்கார்ந்து கடுங்காப்பி. நான் அவசரப்படுத்தினால், "அது ஊறட்டும்டா. நானும் ஊறிக்கிறேன்" என்பார்.

அந்த ஊறலில்தான் விஷயமே இருக்கிறது. அது பன்றி முடி பிரஷ். மதுரை டவுன்ஹால் ரோட்டில், கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் போனபோது வாங்கியது. மரப்பிடி, கழுத்தில் பித்தளை வளையம். பன்றி முடி காய்ந்திருக்கும்போது விளக்குமாறுதான். தண்ணீரைக் குடித்த பிறகுதான் வளையும். ஐந்து நிமிஷமாவது வேண்டும். ஊறாமல் சோப்பைத் தொட்டால் முகத்தில் தேய்க்கிற தண்ணீரையும் அதுவே உறிஞ்சிக்கொண்டு, பாதிக் கன்னத்தில் நுரை காய்ந்துபோகும். பிரஷ் சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் ஊறவைக்காதவர்கள் என்பது என் கணிப்பு.

ஊறியதும் எடுத்து இரண்டு உதறு. மூன்றாவது உதறு கிடையாது. பித்தளைக் கிண்ணியில் அப்பியிருக்கும் கோத்ரெஜ் வட்டச் சோப்பின் மேல் இருபது சுற்று. முதல் பத்தில் துணி துவைக்கிற மாதிரி பெரிய பெரிய குமிழாக வரும். அப்பா அதைச் சட்டை செய்ய மாட்டார். விரல் நுனியால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து மறுபடி சுற்றுவார். குமிழ் சிறுத்துச் சிறுத்து, கடைகிற தயிரில் வெண்ணெய் திரளப்போகும் பதம் வரும். பிரஷ்ஷைக் கிண்ணியிலிருந்து தூக்கினால் நுரை ஒரு மூக்கு விட்டு நிற்க வேண்டும். மூக்கு சாய்ந்தால் தண்ணீர் அதிகம், உடைந்தால் குறைச்சல். பிறகு முகம். தாடைக்குக் கீழே தொடங்கி மேலே. முடியின் வேரைத் தூக்கி நிறுத்துவதுதான் பிரஷ்ஷின் வேலை, நுரை பூசுவது இரண்டாம்பட்சம் என்பது அவர் கட்சி. செவன் ஓ கிளாக் பிளேடு போகும்போது வறட் வறட்டென்று சத்தம் கேட்கும். நான் பக்கத்தில் குந்தி மிச்ச நுரைக்குக் காத்திருப்பேன். எனக்கு மீசை வரைவதோடு அன்றைய சவரம் முடியும்.

அந்த முடி எங்கள் ஊர்க் காட்டுப் பன்றியுடையது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பாமல் என்ன செய்வது? ராத்திரியில் குடியிருப்பின் வேலியோரம் குடும்பத்தோடு வந்து கிழங்கு தோண்டிவிட்டுப் போகும். பவர் ஹவுஸ்காரர்கள் எல்லாருமாகப் பிடித்து முடி பிடுங்கிவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று என் வகுப்பில் கதையே சொல்லியிருக்கிறேன். அப்பா சிரித்தார். வீட்டுப் பன்றியின் முதுகிலும் பிடரியிலும் உள்ள முடிதான் பிரஷ்ஷுக்கு ஆகும் என்றும், கான்பூர்ப் பக்கம் அது பெரிய வியாபாரம் என்றும் சொன்னார்.

காட்டுப் பன்றிக்கும் சவரத்துக்கும் உள்ள உண்மையான சம்பந்தம் வேறு திசையில் இருந்தது. கூடலூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் கடலையும் சோளமும் போட்டவர்கள், கம்பத்து சலூன்களில் சொல்லிவைத்து வெட்டிய முடியை மூட்டையாக வாங்கி வருவார்கள். வரப்பைச் சுற்றி அதைத் தூவிவிட்டால், மோந்துகொண்டே வரும் பன்றியின் மூக்கில் ஏறி, அது தும்மிக்கொண்டு திரும்பிவிடும் என்பது கணக்கு. மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும். பன்றி முடி மனுஷன் முகத்துக்கு, மனுஷன் முடி பன்றி மூக்குக்கு. இந்தக் கொடுக்கல் வாங்கலை அப்பாவிடம் சொன்னபோது, "நமக்குத்தான்டா லாபம், நமக்கு நுரையும் வருதுல்ல" என்றார்.

ஒரு கோடை லீவில் தபால்தலை பார்க்கிற லென்ஸை வைத்து அந்தப் பிரஷ்ஷைப் பார்த்தேன். ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டாக, மூன்றாகப் பிளந்திருந்தது. கெட்டுவிட்டது என்று நினைத்து ஓடிப்போய்ச் சொன்னேன். கெட்டதல்ல, பழகியது. பன்றி முடி புதிதில் நுனி மொட்டையாகக் குத்தும். ஒருவித வாடையும் அடிக்கும். சில வாரம் நனைந்து, தேய்ந்து, காய்ந்தால் நுனி பிளந்து பூவாகும். அடி விறைப்பாகவும் நுனி மெதுவாகவும் இருப்பது இதனால்தான். கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு ‘குத்துகிறது’ என்று வைத்துவிடுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. முதல் மாதம் நாலைந்து முடி உதிர்வதும் வழக்கம்தான். அதற்குப் பிறகும் உதிர்ந்தால்தான் வேரில் கோளாறு.

பஜாரில் இருந்த சலூனில் நிலைமை வேறு. ஒரே பிரஷ், ஊருக்கே. அந்த அண்ணன், தகப்பனார் வீடு வீடாகக் கொண்டுபோன சவரப் பையை, அதாவது அடைப்பத்தை, அலமாரியில் வைத்துவிட்டுச் சுழல் நாற்காலி போட்டவர். மடக்குக் கத்தியைத் தோலில் தீட்டுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். குமுளிக்கு ஏலக்காய் வியாபாரத்துக்குப் போகும் கம்பத்து ராவுத்தர் ஒருவர் அங்கே இறங்கிச் சவரம் செய்துகொள்வார். அப்பாவுக்கு அவர் மாமா. அவருக்கு அப்பா மாப்ளே. அவர் சட்டைப் பையில் சொந்தப் பிரஷ், வெள்ளை நைலான். முதல் நாள் வந்தபோது அவர் கேட்ட கேள்வி, "இது என்ன முடிப்பா?" சலூன் அண்ணன் பொய் சொல்லவில்லை. "உங்களுக்கு ஆகாதது மாமா" என்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, கையாலேயே சோப்பு போட்டுவிட்டாராம். அடுத்த தடவை ராவுத்தர் நைலானோடு வந்தார். அதை அண்ணன் கழுவி, தனியாக ஒரு டம்ளரில் வைத்துக்கொடுப்பார்.

நைலான் அன்றைக்கு நல்ல சரக்கல்ல, அதையும் சொல்ல வேண்டும். நைலான் முதன்முதலாகக் கடைக்கு வந்ததே பல் துலக்கும் பிரஷ்ஷாகத்தான், அமெரிக்காவில், 1938-ல். பல்லுக்குச் சரி. முகத்துக்கு அந்தத் தடித்த இழை சரிவரவில்லை. தண்ணீரைக் குடிக்காது, இழைகளுக்கு நடுவே பிடித்துவைக்கவும் தெரியாது, முழங்கை வழியே வழியவிடும். இப்போது வரும் செயற்கை இழை வேறு ஜாதி. நுனி கூர்த்து, பட்டுப்போல் இருக்கிறது. ஊறவைக்க வேண்டாம், உதறினால் அரைமணியில் காய்ந்துவிடுகிறது. ராவுத்தர் மாமா இருந்திருந்தால் ஒன்று வாங்கிக்கொடுத்திருப்பேன்.

சலூன் பிரஷ்ஷுக்கு முடிவு கட்டியது முடியின் தரமல்ல, பயம். 1986-ல் சென்னையில்தான் இந்தியாவில் முதன்முதலாக எய்ட்ஸ் கிருமி கண்டறியப்பட்டது. லாரிகள் ஓயாத எங்கள் பள்ளத்தாக்கில் அந்தப் பேச்சு சீக்கிரமே வந்து இறங்கியது. சலூன்களில் ‘புது பிளேடு’ என்று எழுதி ஒட்டினார்கள். மடக்குக் கத்தி போய்ப் பாதி பிளேடு மாட்டுகிற கத்தி வந்தது. பிளேடு மாறியதும் அடுத்த கண் பிரஷ் மேல். டப்பா நுரை வந்தது, குழாய்க் களிம்பு வந்தது. அண்ணன் பிரஷ்ஷை டெட்டால் தண்ணீரில் முக்கி வைத்துப் பார்த்தார்; முடி வெளுத்து மொரமொரத்தது.

பிரஷ்ஷுக்கும் நோய்க்குமான பயம் அதைவிடப் பழையது. முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல முடி கிடைக்காமல் மலிவான குதிரை முடிப் பிரஷ்கள் சிப்பாய்களுக்குப் போயின. சரியாகக் கிருமி நீக்காத அந்த முடியிலிருந்து சவரக் காயம் வழியே ஆந்த்ராக்ஸ் தொற்றிப் பலர் செத்தார்கள். நம் மாட்டுக்காரர்கள் அடைப்பான் என்று சொல்கிற அதே நோய். ஜப்பானிய ஷேவிங் பிரஷ்களுக்கு பிரிட்டன் 1920-ல் தடையே போட்டது. அடைப்பத்துக்குள் அடைப்பான். குதிரை முடி அந்தப் பழியிலிருந்து வெகு காலம் எழவே இல்லை. பாவம், குதிரை என்ன செய்யும்? பிடரி மயிரும் வால் மயிரும் கலந்து கட்டினால் பன்றி முடிக்கும் பேட்ஜர் என்ற விலங்கின் மெல்லிய முடிக்கும் நடுவே நிற்கிற நல்ல பிரஷ் அது. ஒரே ஒரு முறை, நண்பர் ஒருவரின் ஸ்பானியப் பிரஷ்ஷை உபயோகித்திருக்கிறேன். நுரை வேகமாக வந்தது; ஆனால் இரண்டு முடி ஒன்றையொன்று பின்னிக்கொண்டு முகத்தில் இழுத்தது.

கார்த்திகை வந்தால் அப்பாவின் பிரஷ்ஷுக்கு லீவு. மாலை போட்டுவிட்டால் மண்டலம் முடியும்வரை கத்தி படாது. ஊரே தாடியோடு திரியும். சபரிமலைக்குப் போகிற வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, வருகிற வண்டிகளைக் குமுளி மலைப்பாதையில் எங்கள் ஊர் வழியே இறக்குவார்கள். ராத்திரி பகல் இல்லாமல் சரணகோஷம். அந்த நாட்களில் பிரஷ்ஷைச் சும்மா தொங்கவிட்டால் பூச்சி அரிக்கும். அம்மாவின் சீயக்காயில் அலசி, இரண்டு நாள் காற்றில் காயவைத்து, காகிதத்தில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைப்பார். ஒரு வருஷம் கூடவே பாச்சை உருண்டை போட்டுவிட்டார். தை பிறந்து முதல் சவரம் செய்த அன்று, அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் பட்டுப்புடவை பீரோவைத் திறந்த வாசம். பங்குனி வரைக்கும் அது போகவில்லை.

கல்லூரிக்கு மதுரை போனபோது எனக்கும் ஒரு பன்றி முடி பிரஷ் வாங்கிக்கொடுத்தார். அதை நான் நாலே மாதத்தில் கொன்றேன். விடுதியில் திருட்டுப் போய்விடும் என்று ஈரத்தோடு பிளாஸ்டிக் டப்பியில் போட்டு மூடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தேன். லீவு முடிந்து வந்து திறந்தால் வேரில் கறுப்பாகப் பூசணம், பழைய சோற்றுப் பானை வாசம். ஊருக்குக் கொண்டுவந்து காட்டினேன். திட்டவில்லை. "சவரம் பண்ணி எந்தப் பிரஷ்ஷும் சாகாதுடா. ஈரத்துல படுக்கவச்சா சாகும்" என்றார். தலைகீழாகத் தொங்கவிட வேண்டுமா, நிற்கவைக்கலாமா என்று மயிர்பிளக்க விவாதிக்கிறவர்கள் உண்டு. தொங்கவிடு, நிற்கவை, எப்படியோ போ. சோப்பு துளிகூட இல்லாமல் வேர்வரை அலசு, நன்றாக உதறு, துண்டில் ஒற்று, காற்று படுகிற இடத்தில் வை. அவ்வளவுதான். மூடிய அலமாரி ஆகாது.

வேலை கிடைத்து ராமநாதபுரம் போன பிறகுதான் எங்கள் ஊர்த் தண்ணீரின் அருமை புரிந்தது. அங்கே நான் இருந்த வீட்டில் உப்புத் தண்ணீர். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நுரை வராது. சோப்பு திரிந்து, வெள்ளைக் கசடாகக் கிண்ணியில் ஒட்டும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்து ஆகிற கசடு அது. பிரஷ்ஷின் வேருக்குள் புகுந்து, முடி ஒவ்வொன்றும் சுண்ணாம்பு அடிக்கிற மட்டைபோல் விறைத்துவிட்டது. முடி மட்டமானது என்று எறியப் போனேன். அப்பா தபாலில் வைத்தியம் எழுதினார்: வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து பத்து நிமிஷம் வை, பிறகு ஷாம்பு போட்டு அலசு. கசடு கரைந்து, பழைய பிரஷ் திரும்பி வந்தது. அதிலிருந்து குடிதண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு டம்ளர் சவரத்துக்கென்று எடுத்துவைத்துக்கொள்வேன். வீட்டுக்காரம்மா ஒரு மாதிரி பார்ப்பார். பெரியாற்றுத் தண்ணீர் மழைத்தண்ணீர்போல, தொட்டாலே நுரைக்கும். லோயர் கேம்பிலிருந்து மதுரைக்குக் குழாய் பதித்தபோது விவசாயிகள் கவலைப்பட்டது நியாயமான கவலை. எனக்கோ, மதுரைக்காரனின் சவரம் இனி நன்றாக இருக்கும் என்ற சின்னப் பொறாமை.

பேட்ஜர் பிரஷ் வந்தது 2000-க்குப் பிறகு. தங்கை மாப்பிள்ளை லண்டனிலிருந்து அப்பாவுக்கென்று வாங்கி வந்தார். குழி பறித்து வாழும், முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட விலங்கு பேட்ஜர். பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த விலங்கும் ஷேவிங் பிரஷ்ஷும் ஒரே சொல்தான், பிளேரோ. இங்கிலாந்தில் அதை அனுமதியில்லாமல் கொல்லக் கூடாது என்று 1992-ல் வந்த சட்டம் இருக்கிறது. முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. நுனி வெளுத்து, நடுவில் கறுப்புப் பட்டை. பன்றி முடி தண்ணீரைத் தனக்குள் குடிக்கும் என்றால், இது மெல்லிய முடிகளுக்கு நடுவே தண்ணீரைத் தேக்கிவைக்கும். ஊறவைக்க வேண்டியதே இல்லை. அப்பா ஒரு நாள் உபயோகித்துவிட்டு, "பூனையக் கன்னத்துல வச்சுத் தேச்ச மாதிரி இருக்கு. இது எப்படிடா முடியத் தூக்கும்?" என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

நான் அதையும் ஒரு வழி பண்ணினேன். மார்கழிக் குளிர், பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பிடியோடு முக்கினேன். மூன்றாம் நாள் பிடி என் கையில், முடிக்கற்றை கிண்ணியில். உள்ளே ஒட்டியிருந்த பசை விட்டுப்போயிருந்தது. கை பொறுக்காத சூடு முடிக்கும் ஆகாது, பசைக்கும் ஆகாது. ரிட்டயரான ஃபிட்டருக்கு வேலை வந்துவிட்டது. பழைய பசையைச் சுரண்டி, குழியை உப்புத்தாளால் தேய்த்து, அரால்டைட் குழைத்து, முடி நடுவில் நேராக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்தார். டர்பைனைப் பார்த்த முகத்தோடுதான் அதையும் பார்த்தார். இன்றுவரை அந்த ஒட்டு அசையவில்லை.

கடைசி ஒன்றரை வருஷம் அவருக்கு வலது கை வரவில்லை. சவரம் நான் செய்துவிட்டேன். அவர் பிரஷ், அவர் கிண்ணி, அவர் கணக்கில் இரண்டு உதறு. முதல் நாளே முகம் சுளித்தார். தாடைத் தோல் தளர்ந்து மடிப்பு விழுந்திருந்தது. மாத்திரைகளால் மெலிந்தும் போயிருந்தது. நாற்பது வருஷம் அவரோடு பழகிய பன்றி முடி, கன்னத்தில் சிவப்புக் கோடு போட்டது. பேசாமல் போய் பேட்ஜரை எடுத்துவந்தேன். கண்ணை மூடிக்கொண்டார். சுற்றாமல், வெள்ளையடிக்கிற மாதிரி மேலும் கீழும் தடவினேன். பாதிச் சவரத்தில், "இது எந்தப் பிரஷ்ஷு?" என்றார். "பூனை" என்றேன். "இருக்கட்டும்" என்றார்.

முரட்டுத் தாடிக்கும் திடமான தோலுக்கும் பன்றி முடி. வயதான தோலுக்கும், பருக்கட்டியுள்ள தோலுக்கும் பேட்ஜர். அதற்காகச் சாகும் பிராணியை நினைத்தால் மனசு கேட்காதவர்களுக்கு இன்றைய செயற்கை இழை. புதிதாக வாங்குகிறவர் என்னைக் கேட்டால் பேட்ஜரைச் சொல்ல மாட்டேன், அந்த இடத்துக்குச் செயற்கை இழையே போதும். நம் நாட்டிலும் கீரி முடியில் ஓவியத் தூரிகை கட்டி, சட்டம் தடுத்தும் கள்ளத்தனமாக விற்றவர்கள் உண்டு. பன்றி இறைச்சிக்காக எப்படியும் வளர்வது, முடி மிச்சம். என் ஓட்டு அதற்கு. விலையும் அதற்குத்தான் குறைவு. முதல் ஒரு மாதம் குத்துவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்பைக் காலி செய்து கூடலூர் வந்துவிட்டோம். இரண்டு பிரஷ்ஷும் இந்த வீட்டு ஜன்னலில், அதே செம்புக் கொக்கியில் தொங்குகின்றன. ஆனியிலும் ஆடியிலும் மட்டும் உள்ளே எடுத்துவிடுவேன். கணவாய்க் காற்றோடு சாரலும் வந்து நனைத்துவிடும்.